தலைகீழாய்த் தொங்கிய கதவு

ஒரு கதவு மலையேறிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பச்சைப் பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. முன்னால் இரண்டு பெண்கள், பின்னால் இரண்டு பெண்கள். நால்வர் தலையிலும் கந்தையைச் சுருட்டி வைத்த சும்மாடு. அதன் மேல் கதவு வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்தபடி வந்தது. பனி இறங்கியிருந்ததால் முன்னால் நடப்பவளின் முதுகுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நிலைச்சட்டத்தின் ஒரு காலைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசியாக நான். எல்லோருக்கும் முன்னால், முள் கிளைகளைக் கையால் ஒதுக்கி வழி விட்டபடி வெள்ளச்சி. அவளுக்கு அப்போது எட்டு மாதம்.

எதிரே கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்த ஆண்கள் கதவைக் கண்டதும் பாதையை விட்டு விலகிச் சரிவில் போய் நின்றார்கள். மரியாதையால் அல்ல.

"தள்ளிக்குங்க மாமா, மேல பட்டுறப் போவுது. அப்புறம் ஒங்களையும் புடிச்சிக் குடிசையில ஒக்கார வெச்சிருவாங்க" என்றாள் முன்னால் சுமந்தவள். கதவே குலுங்கும்படி மற்றவர்கள் சிரித்தார்கள்.

பெண்கள் மாதாமாதம் தூரமாகும்போதும் பிள்ளை பெறும்போதும் ஊருக்கு வெளியே ஒதுங்கியிருக்கும் குடிசைக்குப் போகிற கதவு அது. ஊர் ஆண் அதைத் தொட்டால் தீட்டு. அதனால்தான் அத்தனை தோள்கள் வேடிக்கை பார்த்து நிற்க, அதை நாங்கள் சுமந்தோம்.

தட்டி எழுப்பினார்களாம்

செங்கத்து மிளகாய் மண்டியில் நான் வேலை பார்த்த கதையை இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அது கிடக்கட்டும்.

போன மாதம் வேலூரில் ஒரு மாதர் சங்கத்துக்கு விழா. எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். மேடையில் ஓர் அம்மாள் சொன்னார்: "அந்தக் காலத்திலேயே ஜவ்வாது மலைக்குப் போய், விழிப்பில்லாமல் கிடந்த பெண்களை நாங்கள் தட்டி எழுப்பினோம்." எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. சாப்பாட்டுக்கு நிற்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

தூங்குகிறவளைத்தான் தட்டி எழுப்ப முடியும். அந்த மலையில் நான் இருந்த நாட்களில், பொழுது விடிந்த பிறகும் படுத்திருந்த பெண் ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை. எழுந்து தண்ணீருக்குப் போவார்கள், சாமை குத்துவார்கள், காட்டுக்குப் போவார்கள், விறகோடு திரும்புவார்கள். இவர்களைத்தான் ஜீப்பில் வந்து எழுப்பினார்களாம்.

அந்த ஜீப்பில் நானும்தான் வந்தேன். எழுப்புவதற்கு அல்ல, சமைப்பதற்கு.

நான் அங்கே போய்ச் சேர்ந்த விதம்

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணமங்கலம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம் எங்களுடையது. நான் அஞ்சாவது வரை படித்தேன். கட்டிக் கொடுத்த இடத்தில் இருக்க முடியவில்லை, வந்துவிட்டேன். அதன் பிறகு ஒரு வேலையிலும் ஓர் ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. வாணியம்பாடியில் தோல் மண்டியில் உப்புத் தட்டினேன். கைத்தோல் உரிந்ததும் அதை விட்டேன். வேலூரில் ஒரு பெரிய வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தேன். அந்த வீட்டு அம்மாள்தான் அப்போது அந்த மாதர் சங்கத்துக்குத் தலைவி. தலைவியம்மா என்றே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் மலைக்குக் கமலவேணி என்ற பெண்ணைச் சர்க்கார் கிராம சேவிகாவாகப் போட்டிருந்தது. ஆரணிப் பெண். வயசு இருபத்திரண்டுகூட இருக்காது. தனியாக இருக்கப் பயந்தாள். தலைவியம்மா என்னை அவளுக்குத் துணையாகவும் சமையலுக்கும் அனுப்பிவைத்தார். பஸ் அப்போது அடிவாரத்தோடு சரி. ஜமுனாமரத்தூருக்குச் சரக்கு லாரி போனால் ஏறிக்கொள்ளலாம். என்னைச் சங்கத்து ஜீப் அதுவரை கொண்டுவிட்டது, அதற்கு மேல் நடை.

நாங்கள் இருந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இப்போது படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

வாசல் மட்டும் இருந்த குடிசை

ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, ஓடைக்குப் போகிற சரிவில் அந்தக் குடிசை இருந்தது. மண் சுவர், புல் கூரை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். வாசல் இருந்தது, கதவு இல்லை. ஈர வைக்கோலும் பழைய புகையும் கலந்த ஒரு வாடை எப்போதும் உள்ளே இருக்கும். உள்ளே போன பாயும் சட்டியும் திரும்ப ஊருக்குள் வரக் கூடாது.

குடிசைக்கு முன்னால், பலா மரத்தடியில் ஒரு நட்டுவைத்த கல். அதைத் தாண்டி ஆம்பளை கால் வைக்கக் கூடாது. ஊருக்கே தலைவரான கவுண்டரானாலும் அந்தக் கல்லோடு சரி.

மலைக்காரர்களை மட்டும் நான் குறை சொல்ல வரவில்லை. கண்ணமங்கலத்தில் என் மாமியார் வீட்டில் எனக்கு அந்த நாட்களில் மாட்டுக் கொட்டகைதான். மாட்டுக்குக் கல் தொட்டி, எனக்கு ஒரு நசுங்கிய தகரத் தட்டு. இதெல்லாம் மலைக்கு மேல் மட்டும் நடக்கிற அதிசயம் என்று நினைக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பின்கட்டைப் போய் ஒரு தடவை பார்க்கட்டும்.

வெள்ளச்சி அந்தக் குடிசையில்தான் தன் முதல் பிள்ளையைப் பெற்றாள். மார்கழி. காற்று நேராக உள்ளே வரும். பிள்ளை பெற்ற அசதியில் விடியற்காலை கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்து பார்த்தபோது பிள்ளை இல்லை. நரி.

ஊர் சொன்னது, தலையெழுத்து.

நான் அவளைப் பார்த்தபோது அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தது. அதுவும் பனிக் காலத்தில்தான் பிறக்கும். அதே குடிசை, அதே வாசல்.

சாமைக் களை

கதவுக்கு முன்னால் கூரையின் கதையைச் சொல்லவேண்டும். மேடை அம்மாள்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்ததாகக்கூட இருக்கலாம்.

சடச்சி என்று ஒருத்தி. வெள்ளச்சியின் புருஷனுக்கு அத்தை. உயரமான, வாய் துடுக்கான பொம்பளை. அவள் இளம் வயதில் இருந்தபோது குடிசைக்குக் கூரைகூடக் கிடையாதாம். நாலு கழி, மேலே தழை. மழை வந்தால் நனையவேண்டியதுதான். புல் வேய்ந்து கொடுங்கள் என்று கேட்டதற்கு, "மூணு நாளுக்கு எதுக்குக் கூரை? காட்டுல மான் இல்லியா, மாடு இல்லியா?" என்றார்களாம்.

சாமைக் காட்டில் களை எடுக்கிற சமயம். தூரம் என்று குடிசைக்குப் போனவள் நாள் கழிந்தும் திரும்பவில்லை. அடுத்தவள் போனாள், அவளும் திரும்பவில்லை. போகிறவள் எல்லாம் அங்கேயே தங்கிவிட்டாள். தூரமாகாதவர்களும் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பொய்யா என்று போய்ப் பார்க்க எந்த ஆம்பளையால் முடியும்? கல் இருக்கிறதே.

"ஊர்ல ஒரு அடுப்பு எரியல முனிம்மா" என்று சடச்சி என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "கவுண்ரு தானே கூழு காச்சிக் குடிச்சாராம். அடி புடிச்சி, நாத்தம் ஓடை வரைக்கும் அடிச்சிது. களை இடுப்பு உசரம் வளந்துடுச்சி. கல்லாண்ட வந்து நின்னு, 'வாங்கடி, புல்லு அறுத்துப் போடறோம்'னு கத்தறாங்க. 'மொதல்ல போடுங்க, அப்புறம் வர்றோம்'னோம்."

ஆண்கள் புல் அறுத்துக் கல்லுக்கு இந்தப் பக்கம் போட்டார்கள். பெண்களே எடுத்து வேய்ந்தார்கள். கூரை வந்தது.

இதற்கு அவர்கள் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. விழாவும் கொண்டாடவில்லை.

ஜீப்பில் வந்த பேச்சு

தலைவியம்மா ஒரு நாள் மலைக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கூட்டம். நல்ல மனுஷிதான், கதர்ப் புடவை, தெளிவான குரல். குடிசையைப் பற்றிக் கமலவேணி சொல்லியிருந்ததால் அதைத்தான் பேசினார். "பெண்ணை இழிவுபடுத்தும் இந்த இருட்டறையை இன்றே இடித்துத் தள்ளுங்கள்!" என்றார்.

சடச்சி கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்தாள். "இடிச்சிடறோம் தாயி. இடிச்சிட்டு அந்த நாளுல எங்க போய்ப் படுக்கறது? ஊருக்குள்ள வுட மாட்டாங்க. ஒங்க வூட்டுக்கு வந்துடட்டுமா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தலைவியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. படிப்பறிவு வந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லி உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் ஓடையில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யக்கா, அந்தம்மா வூட்டுல நீ வேல செஞ்சியே. அவங்க அந்த நாளுல எங்க இருப்பாங்க?"

நான் உண்மையைச் சொன்னேன். "பின்கட்டுல ஒரு ரூம்பு. தனித் தட்டு, தனி டம்ளரு. நான்தான் எட்ட நின்னு சோறு வைப்பேன்."

"அவங்களுக்குமா?" என்று வாயைப் பிளந்தாள். "அந்த ரூம்புக்குக் கதவு இருக்குதா?"

"இருக்குது."

"தாப்பா?"

"உள்பக்கம் இருக்குது."

"அதான்" என்றாள். "அவங்களுக்கு இடிக்கறதப் பத்திப் பேச முடியுது. எனக்குக் கதவு போட்டுக் குடுக்கச் சொல்லு. இடிக்கறதப் பத்தி நானும் அப்புறமாப் பேசறேன்."

வேலூர் விழாவில் இதை மேடையேறிச் சொல்லியிருக்கவேண்டும். என்னை யார் மேடைக்குக் கூப்பிட்டார்கள்?

சங்கிலி எந்தப் பக்கம்

கதவுக்கு முதல் எதிர்ப்பு சடச்சியிடமிருந்தே வந்தது. "நாங்க தழைக்கு அடியில நனைஞ்சிக் கெடந்தோம். கூரை வாங்கிக் குடுத்தோம், பத்தலியா? இவளுக்குக் கதவு கேக்குதாம், ராணி!"

"ஒங்க கூரைல நரி நனையாம வருது அத்தை" என்றாள் வெள்ளச்சி. சடச்சி அதோடு எதிர்ப்பை விட்டாள்.

கமலவேணி பயந்து பயந்துதான் ஊர்க் கவுண்டரிடம் கேட்டாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "வெச்சிக்குங்க. எங்க ஆளுங்க தொட மாட்டாங்க, அவ்ளோதான்" என்றார். இவ்வளவு லேசாக ஒப்புக்கொண்டாரே என்று எனக்கு அப்போதே உறுத்தியது. மாதர் சங்கம் கதவைச் செய்து அனுப்பியது. கதவின் நெற்றியில், 'மாதர் முன்னேற்றத்துக்கு அன்பளிப்பு' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுத்து. அதன் கீழே தலைவியம்மாவின் பெயர். அந்தக் கதவைத்தான் நாங்கள் சுமந்து ஏறினோம்.

கண்ணமங்கலத்து ஆசாரி ஒருவர் வந்து நிலையை நட்டார். கீழ்நாட்டு ஆள் என்பதால் அவருக்குத் தீட்டு இல்லையாம். கீலுக்குப் பதில் மேலும் கீழும் குடுமி வைத்து, நிலையின் குழியில் சுழலும் பழைய மாதிரிக் கதவு. மாட்டி, ஆட்டிப் பார்த்து, தாழ்ப்பாளுக்கான சங்கிலியை அடித்தார். வெளிப்பக்கத்தில். எங்கள் தலைக்கு நேராக.

"இன்னா ஆசாரி, சங்கிலிய வெளிய அடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கவுண்டரு அப்பிடித்தாம்மா சொன்னாரு."

கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கவுண்டரிடம் கமலவேணி ஓடினாள். அவர் குரலை உயர்த்தவில்லை. "உள்ள போட்டுக்கினா உள்ள இன்னா நடக்குதுன்னு ஊருக்கு எப்டித் தெரியும்? நாள் கழியறதுக்கு முன்னாடி எவளாவது சுத்தினா? வெளிய இருந்தா நாங்க சொல்லும்போது எவளாவது ஒருத்தி வந்து தொறந்து வுடுவா. நரிக்குச் சங்கிலி உள்ள இருந்தா இன்னா, வெளிய இருந்தா இன்னா?"

பெண் கேட்டது உள்ளே இருந்து சாத்திக்கொள்ள. அவர்கள் கொடுத்தது வெளியே இருந்து பூட்டிவைக்க. மாட்டுக் கொட்டகைக்கும் தானியக் குதிருக்கும்தான் அப்படிக் கதவு போடுவார்கள். உள்ளே இருப்பது தானாகத் திறந்துகொண்டு வெளியே போகாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். எத்தனையோ வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கமலவேணி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "முனிம்மா, கதவே வராது என்று நினைத்தோம். வந்ததே பெரிசு. இப்போது சண்டை வேண்டாம். பிறகு மெதுவாக மாற்றலாம்."

பிறகு, மெதுவாக. இந்த இரண்டு வார்த்தைகளையும் எத்தனை ஊரில், எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன்!

திறப்பு விழாவுக்குத் தலைவியம்மா வந்தார். வெளிச் சங்கிலியைத் தன் கையால் கழற்றிக் கதவைத் திறந்தார். போட்டோ எடுத்தார்கள். சங்கிலி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் கவனிக்கவில்லை. அவர் நின்றது வெளியில்.

கவிழ்த்துப் போட்டோம்

வெள்ளச்சிக்கு வலி கண்டது ஒரு பிற்பகலில். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சடச்சியும் இன்னும் மூன்று நான்கு பெண்களும் அவளைத் தாங்கிக் குடிசைக்குக் கூட்டி வந்தார்கள். நானும் கமலவேணியும் வெந்நீர்ப் பானையோடு பின்னால் போனோம்.

வாசல் வரை வந்தவள் நின்றாள். கதவைப் பார்த்தாள். அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"சங்கிலி உள்ள வர்ற வரைக்கும் நான் உள்ள போவ மாட்டேன்."

"வெள்ளச்சி, அடம் பிடிக்கிற நேரமா இது?" என்று கமலவேணி அழாத குறையாகக் கேட்டாள்.

"இப்பப் புடிக்காம, புள்ளய நரி தூக்கினப்புறம் புடிக்கவாங்க?"

ஆசாரி எப்போதோ கீழே போய்விட்டார். சங்கிலியை ஆணியோடு பெயர்க்கப் பார்த்தோம். அறைந்த அறையில் அசையவில்லை. அரிவாள் முனைதான் வளைந்தது. வெள்ளச்சி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கத்தினாள்:

"சங்கிலிய வுடுங்கடி! கதவக் கவுத்துப் போடுங்க. மொறத்தக் கவுக்கற மாதிரி!"

முதலில் யாருக்கும் புரியவில்லை. சடச்சிக்குத்தான் புரிந்தது. மேலே இருக்கிற குடுமி கீழே, கீழே இருக்கிறது மேலே. வெளிப்பக்கம் உள்ளே வந்துவிடும், சங்கிலியோடு.

கூச்சல் கேட்டுக் கவுண்டரும் நாலு ஆண்களும் கல்லருகே வந்து நின்றார்கள். "ஏய், இன்னா பண்றீங்க அங்க? கதவுமேல கைய வெக்காதீங்க!"

"புள்ளப்பேறு கவுண்ரே!" என்று சடச்சி கத்தினாள். "நீங்க வேணா வந்து புடிச்சிக்குங்க!"

அவர் ஒரு காலைத் தூக்கினார். கல்லைப் பார்த்தார். காலைக் கீழே வைத்தார். அவருடைய பாட்டன் காலத்துக் கல். அதைத் தாண்டினால் அவரே ஒதுங்கி நிற்கவேண்டும். அங்கிருந்தே திட்டினார், எங்கள் வம்சத்தையெல்லாம் இழுத்துத் திட்டினார். நாங்கள் கதவை நெம்பி, நிலையிலிருந்து கழற்றி, சேற்றில் கிடத்தி, புரட்டினோம். நிலைக்குத் தூக்கி மாட்டும்போது கனம் தாங்காமல் கதவு என் பக்கம் சாய்ந்தது. ஒரு கை வந்து தாங்கிப் பிடித்தது. பார்த்தேன், கமலவேணி.

நிலையின் உட்புறம் ஓர் ஆணியைக் கல்லால் அறைந்தோம். தலைக்கு நேராக இருந்த சங்கிலி இப்போது கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதுவும் நல்லதாயிற்று. படுத்திருக்கிறவள் கை நீட்டினால் எட்டும்.

தலைவியம்மாவின் பெயர் குடிசைக்குள்ளே, தலைகீழாய்.

"அவங்க மறுபடி வந்து கேட்டால் என்ன சொல்வது?" என்றாள் கமலவேணி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"உள்ள வந்து படிச்சிக்கச் சொல்லுங்க" என்றாள் சடச்சி.

வெள்ளச்சி எழுந்து உள்ளே போனாள். சங்கிலியைத் தன் கையால் மாட்டினாள். இருட்டுவதற்கு முன் பெண் குழந்தை பிறந்தது. சேவிகாவின் பெயரை வைத்தாள், கமலா.

பிறகு வந்தவள்

நான் நிலையாக நிற்கிறவள் இல்லை என்று சொன்னேனே. கமலவேணிக்கு மாற்றலானதும் நானும் இறங்கிவிட்டேன். மறுபடி அந்த ஊருக்குப் போனது அறுபதுகளின் கடைசியில். பஸ்ஸிலேயே ஜமுனாமரத்தூர் வரை போனேன்.

வெள்ளச்சியின் வீட்டு முன்னால் கூட்டம். கமலா விடுதிப் பள்ளியில் படிக்கிற பெண். லீவுக்கு வந்த இடத்தில் பெரியவளாகிவிட்டாள். குடிசையை மெழுகிப் பாய் போட்டு வைத்துவிட்டு வந்து கூப்பிடுகிறாள் அம்மா. பெண் வீட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டு வர மறுக்கிறாள்.

"எந்திரிடி. நான் வலியோட தரையில ஒக்காந்து வாங்கின கதவுடி அது. இன்னா பயம் ஒனக்கு? உள்ள சங்கிலி போட்டுக்க."

"சங்கிலி உள்ள இருந்தா அது வூடு ஆயிடுமா? நான் இன்னா தப்பு பண்ணேன், அங்க போய் ஒக்கார? ஹாஸ்டல்ல நாங்கல்லாம் ஒண்ணாத்தான் படுக்கறோம், ஒண்ணாத்தான் சாப்பிடறோம். எவளும் சாவல."

"கதவு வாங்கிக் குடுத்தேன், பத்தலியாடி ஒனக்கு?" வெள்ளச்சியின் குரல் உடைந்துவிட்டது.

சுவரோரம் சடச்சி உட்கார்ந்திருந்தாள். கண் பார்வை போயிருந்தது, வாய் போகவில்லை. "அதையேதான நான் ஒங்கிட்ட கேட்டேன் வெள்ளச்சி? கூரை பத்தலியான்னு?" என்றாள்.

வெள்ளச்சி திரும்பி அவளைப் பார்த்தாள்.

அதற்குள் கவுண்டர் வந்துவிட்டார். பழையவர் போய், அவர் மகன். கூடவே ஆட்கள். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டையும் போல அந்த வீட்டுக்கும் கதவு கிடையாது, மூங்கில் தட்டிதான். "இழுத்து வெளிய வுடுங்க அவள" என்றார்.

"தொட்டு இழுங்க பாக்கலாம்" என்றாள் கமலா உள்ளிருந்து. "தொட்டா தீட்டுதானே ஒங்களுக்கு?"

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். கவுண்டர் சிரிக்கவில்லை. "தட்டியப் பிரிச்சிட்டு நீளமான கழி எடுத்தாங்கடா. மாட்டத் தள்ளற மாதிரித் தள்ளிக்கினு போங்க" என்றார். கழி வெட்ட இரண்டு பேர் ஓடினார்கள்.

வெள்ளச்சி என் கையைப் பிடித்தாள். "யக்கா, வா."

எங்கே என்று கேட்க நேரமில்லை. அவள் சரிவில் ஓடினாள், நானும் ஓடினேன். இரண்டு பேருக்கும் முன்பிருந்த வயசு இல்லை. ஆனால் முன்பு ஐந்தாறு பேர் சேர்ந்து மாட்டிய கதவை இரண்டே பேர் கழற்றினோம். குடுமி தேய்ந்திருந்தது. கதவு புகையில் கறுத்திருந்தது. தலையில் வைத்ததும் பழைய வைக்கோல் வாடை மூக்கில் ஏறியது.

கல்லைத் தாண்டினோம். குடிசைக்குப் போன எந்தப் பொருளும் அதுவரை அந்தக் கல்லைத் தாண்டித் திரும்ப வந்ததில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் எங்களைப் பார்த்தவர்கள் அலறிக்கொண்டு ஒதுங்கினார்கள். வெட்டிய கழியோடு ஓடி வந்தவர்கள் கழியைப் போட்டுவிட்டு வேலியேறினார்கள். கவுண்டர் பின்பக்கமாகவே நடந்து போய்ச் சாணிக் குழியில் கால் வைத்துவிட்டார். கதவு பட்டுவிடுமே! அத்தனை ஆம்பளைகளையும் ஓரங்கட்டிக்கொண்டு, நடுத் தெருவில், கதவு போயிற்று. "இன்னும் வேகமாப் போங்கடி" என்று, சத்தத்தை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொண்ட சடச்சி கத்தினாள்.

பிறகு அவர்களை ஊர் விலக்கி வைத்தது. அபராதம் கேட்டது. சாமைக் காட்டில் யாரும் கூட நின்று வேலை செய்யவில்லை. வெள்ளச்சியின் புருஷன் மாசக்கணக்கில் அவளோடு பேசவில்லை. அடுத்த மழைக்கு முன் இன்னும் இரண்டு வீட்டுப் பெண்கள் குடிசைக்குப் போகாமல் நின்றார்கள். யாரும் ஜீப்பில் வரவில்லை.

அன்று நாங்கள் கதவை வெள்ளச்சி வீட்டு வாசலில் சாத்தினோம். நிலை இல்லை, குடுமிக்குக் குழி இல்லை. சும்மா சாத்தி வைத்து, மூன்று பேரும் உள்ளே நின்று முதுகால் தாங்கினோம். வெளியே கவுண்டர் கத்துவது கேட்டது. யாரும் கிட்டே வரவில்லை.

கதவோர இடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில், புகை படிந்த பலகையைக் கமலா பாவாடை நுனியால் துடைத்தாள். தலையைச் சாய்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"'மாதர் முன்னேற்றத்துக்கு அன்பளிப்பு.' கூடவே ஒரு பேரு போட்டிருக்குது. யாரும்மா இது?"

"யாரோ" என்றாள் வெள்ளச்சி. "நீ கதவ நல்லாப் புடி."